யோகநாதன், டோர்செட் பார்க்

போன மாதம் கவின் என்றொரு பொடியன் வீட்டுக்கு வந்தான். இங்கே ரொறொன்ரோவில் பிறந்து வளர்ந்தவன், இணையத்தில் ஒரு தமிழ்ச் சனல் நடத்துகிறான். என்னுடைய பழைய ஒளிநாடாக்கள் வேண்டுமாம். அவற்றைக் கணினிக்குக் கொடுத்தால் அது என் குரலைப் பழகிக்கொண்டு, இனி வரும் மரண அறிவித்தல்களை எல்லாம் நான் இல்லாமலே வாசிக்குமாம். “அன்ரி, உங்கட வொய்ஸ் எண்டால் அம்மாக்கு உயிர். நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை, ஜஸ்ட் சைன் பண்ணினால் காணும்” என்றான். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. செத்தவர்களின் விபரத்தை வாசிக்கப் போகிறவள் உயிரோடு இருக்கத் தேவையில்லை என்கிறான், பாருங்கள்.

தரலாம், ஒரு நிபந்தனை என்றேன். எந்த அறிவித்தலும் ஒளிபரப்பாகுமுன் அந்த வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து, பெயர் பெயராக வாசித்துக் காட்டவேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் அவர்கள் ஓம், சரிதான் என்று சொல்லவேண்டும். கவின் தலையைச் சொறிந்தான். குடும்பமே எழுதி அனுப்புவதைத்தானே வாசிக்கிறோம், பிறகென்னத்துக்கு அவர்களுக்கே வாசித்துக் காட்டுவது என்று கேட்டான். நியாயமான கேள்விதான். ஒருகாலத்தில் நானும் அதையேதான் கேட்டேன், அவனைவிட வாய்க்கொழுப்பாக. பதிலை ஆறுதலாக, நேரம் எடுத்து எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

இந்த ஊரில் பலருக்கு நான் ‘லண்டன் அக்கா’. உண்மையில் நான் லண்டனில் ஒருநாள்கூட வேலை பார்த்ததில்லை. பதின்மூன்று வயதில் தாய் தகப்பனோடு இங்கிலாந்துக்குப் போனவள், அந்நாட்டின் நடுப்பகுதியில் ஒரு சின்னப் பிராந்தியத் தொலைக்காட்சி நிலையத்தில் தட்டெழுத்து வேலைக்குச் சேர்ந்தேன். மாலைச் செய்தியில் ஊர்ப் புதினங்கள் வாசிக்கிற பெண்ணுக்கு ஒருநாள் தொண்டை அடைத்துப்போனது. வேறு ஆள் இல்லாமல் என்னைக் கதிரையில் இருத்தினார்கள். அப்படி இருந்தவள் எட்டு வருடம் எழும்பவில்லை. மூச்சை எங்கே எடுப்பது, கமெராவைக் கூட்டமாக நினைக்காமல் ஒரே ஒரு ஆளாக நினைத்துப் பேசுவது, வெந்நீர் குடிப்பது, இவ்வளவுதான் பயிற்சி. முதல் வருடம் என் நிறத்தைப் பற்றிக் கடிதங்கள் வந்தன. இரண்டாம் வருடம் என் சேலையைப் பற்றி வந்தன. மூன்றாம் வருடம் என்னை யாரும் புதினமாகப் பார்க்கவில்லை.

அங்கே என்னைப் பிரபலமாக்கியது ஒரு ஆடு. விவசாயக் கண்காட்சி ஒன்றிலிருந்து நேரடி ஒளிபரப்பு. முதற்பரிசு எடுத்த ஆட்டுக்குப் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தேன். நான் கமெராவைப் பார்க்க, அது என் கையிலிருந்த மூன்று தாளில் இரண்டைத் தின்றுவிட்டது. மிச்ச நாலு நிமிடத்தையும் அந்த ஆட்டைப் பேட்டி கண்டே ஓட்டினேன். அடுத்தநாள் பத்திரிகையில் ஆட்டுக்குப் பெரிய படம், எனக்குச் சின்னப் படம். கடைக்குப் போனால் சனம் என்னைப் பார்த்து ‘மே’ என்று கத்தும். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தாள் என்பது வாய் இல்லாதவர்களுக்குத்தான் என்று அன்றைக்கு ஒரு எண்ணம் தலைக்கேறியது. அந்த எண்ணம்தான் பிறகு என்னைக் கவிழ்த்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கணவருக்கு ரொறொன்ரோவில் வேலை கிடைத்து இங்கே வந்தோம். எட்டு வருடம் தொலைக்காட்சியில் இருந்தவளுக்குக் கதவு திறந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். போன இடமெல்லாம் கனடிய அனுபவம் இருக்கிறதா என்று கேட்டார்கள். ஒரு இடத்தில் இவ்வளவு நல்ல ஆங்கிலம் எங்கே படித்தாய் என்றும் கேட்டார்கள். கடைசியில் ஒரு குளிர்காலம் முழுக்கக் காபெட் கழுவும் கொம்பனிக்காக வீடு வீடாகத் தொலைபேசி எடுத்தேன்.

அப்படி எடுத்த ஒரு வீட்டில்தான் பீலிக்ஸ் அண்ணை அகப்பட்டார். நான் ஆங்கிலத்தில் தொடங்கினேன். மறுமுனையில் வந்த ஆங்கிலத்தைக் கேட்டதும் தமிழுக்கு மாறினேன். மனுசன் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. நான் முடித்ததும், “அப்ப பிள்ளை, மூண்டு அறை, ஒரு ஹோல், படிக்கட்டு இலவசம், இந்த மாதம் முடியுமட்டும். சரிதானே?” என்று நான் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னார். சரி என்றேன். “எங்கட வீட்டில காபெட் இல்லை. ஆனால் உங்கட குரல் எனக்கு வேணும்” என்றார். விசர் மனுசனாக்கும் என்று போனை வைக்கப்போனேன். நல்லகாலம், வைக்கவில்லை.

பீலிக்ஸ் அண்ணை மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர். ஊரில் ரயில்வே ஸ்டேசன் மாஸ்டராக இருந்தவர். இங்கே நண்பர்கள் சிலரோடு சேர்ந்து, பல மொழிகளில் நிகழ்ச்சி போடும் ஒரு தொலைக்காட்சியில் ஞாயிறு காலை ஒரு மணித்தியாலத்தை வாங்கித் தமிழ் நிகழ்ச்சி நடத்தினார். எங்கள் கலையகம் ஸ்காபரோவில் ஒரு பிளாஸாவின் பேஸ்மென்றில், புடவைக்கடைக்கு நேர்கீழே இருந்தது. மேலே யாராவது தையல் மெசினை ஓட்டினால் நாங்கள் பதிவை நிறுத்தவேண்டும். சனிக்கிழமை பத்து மணிக்குப் பதிவு தொடங்கும். பின்னேரம் நாலு மணிக்கு முன்னர் நாடா நிலையத்துக்குப் போய்ச் சேரவேண்டும்.

நிகழ்ச்சியில் பாட்டு இருந்தது, சமையல் இருந்தது. ஆனால் சனம் வேலை வெட்டியை விட்டுப் பார்த்தது கடைசிப் பத்து நிமிடத்தைத்தான். மரண அறிவித்தல். ஊர் உலகம் முழுக்கச் சிதறிப்போன காலம். யார் எங்கே இருக்கிறார்கள் என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள். இன்ன ஊரைப் பிறப்பிடமாகக் கொண்ட இன்னார் காலமானார், அவருடைய பிள்ளைகள் இவர்கள் என்று சொல்லி, ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் அவர் இப்போது இருக்கிற இடத்தைச் சொல்லவேண்டும். பாரிஸ், லண்டன், ஒஷாவா. அந்தப் பிள்ளை உயிரோடு இல்லையென்றால் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’. இடம் அல்லது காலஞ்சென்ற, இரண்டில் ஒன்று. மூன்றாவதாக ஒரு வகை இல்லை.

பீலிக்ஸ் அண்ணை இதற்கு ரயில்வேயிலிருந்து ஒரு ஒழுங்கு கொண்டுவந்திருந்தார். ஸ்டேசனுக்கு ஸ்டேசன் தகவல் கொடுத்தால், கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லி, கொடுத்தவர் ஆமோதித்த பிறகுதான் அது தகவல். அதுவரை அது வெறும் சத்தம் என்பார். ஆகையால் வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் அறிவித்தல் தந்த வீட்டுக்குத் தொலைபேசி எடுப்பார். ஒரு பெயர் வாசிப்பார், நிறுத்துவார். அங்கிருந்து ஓம் வந்தால் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு. ஓம் வரும்வரை அடுத்த பெயருக்குப் போகமாட்டார், அழுதால் காத்திருப்பார். எல்லாம் முடிந்ததும், ‘விடுபட்ட ஆக்கள் ஆரும் இருக்கினமோ?’ என்று கேட்பார். கடைசியில் தாளின் மூலையில் நேரத்தை எழுதுவார். எனக்கு இதைப் பார்க்கப் பத்திக்கொண்டு வரும். அவர்கள் எழுதித் தந்ததை அவர்களுக்கே வாசிக்கிறீர்களே அண்ணை, இங்கிலாந்தில் இப்படிச் செய்தால் சிரிப்பார்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். அவர் கோபிக்கவில்லை. அவர் கோபித்தால் குரல் தணியும், ‘பிள்ளை’ போய் ‘சுகந்தி’ என்று என் பெயர் வரும். அதை நான் அப்போது அறியவில்லை.

திரையில் எழுத்துப் போடுவது வசந்தி. வாரநாளில் தையல் தொழிற்சாலை, சனிக்கிழமை எங்களோடு. ஊரில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் தமிழ்த் தட்டச்சு செய்தவள், ஒரு எழுத்துப் பிழை விடமாட்டாள். அவளும் மகளும் அகதிகளாக முதலில் வந்துவிட்டார்கள். அடுத்ததாக வரவேண்டிய கணவன் கொழும்பில் தங்கியிருந்த லொட்ஜிலிருந்து பொலிசாரால் பிடித்துச் செல்லப்பட்டார். மூன்று வருடம், ஒரு தகவலும் இல்லை. இவ்வளவும் எனக்குத் தெரியும். கணவனின் பெயர் மட்டும் தெரியாது. புருசன் பெயரைச் சொல்லாத பழக்கம் அவளுக்கு, எப்போதும் ‘அவர்’தான். நானும் கேட்டதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பீலிக்ஸ் அண்ணைக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கினார்கள். முதல்முறையாகச் சிவப்புப் பென்சில் என் கைக்கு வந்தது. ஒரே ஒரு அறிவித்தல். கரவெட்டியைப் பிறப்பிடமாகக் கொண்ட ஒரு அம்மா ஊரில் காலமாகிவிட்டார். பிக்கரிங்கில் இருக்கும் மூத்த மகன் சிவநேசன் எழுதித் தந்திருந்தார். எண்ணைச் சுழற்றினேன், லைன் கிடைக்கவில்லை, யாரோ கதைத்துக்கொண்டிருந்தார்கள். செத்தவீடு, வேறெப்படி இருக்கும்? நாலு தரம் எடுத்தேன். வெளியே பனி கொட்டத் தொடங்கியது. பஸ்ஸை விட்டால் அடுத்ததற்கு அரை மணித்தியாலம் நிற்கவேண்டும். ஆட்டோடு நாலு நிமிடம் பேசியவளுக்கு இந்தப் பதினொரு பெயர் ஒரு பெரிய காரியமா? பதினொன்றுக்கும் நானே சிவப்புக் கோடு போட்டேன். மூலையில் ஐந்து நாற்பது என்று நேரமும் எழுதினேன். இன்றைக்கும் அந்த ஐந்து நாற்பதை நினைத்தால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

மறுநாள் நான் பவுடர் பூசிக்கொண்டு கதிரையில் இருந்தேன். வசந்தி வழக்கத்தைவிட அமைதியாகத் தட்டிக்கொண்டிருந்தாள். மாமி செத்துப்போனா என்று வந்ததும் சொன்னாள். வீட்டிலேயே நின்றிருக்கலாமே என்றதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள். வாசிக்கத் தொடங்கினேன். அன்னார் சிவநேசன், பிக்கரிங், மகேஸ்வரி, லண்டன், காலஞ்சென்ற யோகநாதன் ஆகியோரின் பாசமிகு தாயாரும் என்று வாசித்தபடி திரையைப் பார்த்தால், அங்கே வெறும் யோகநாதன். பதிவை நிறுத்தச் சொன்னேன். எனக்குச் சினம்.

“வசந்தி, பேப்பரில காலஞ்சென்ற எண்டு கிடக்கு. நீர் விட்டிட்டீர்.”

“விடேல்லை அக்கா,” என்றாள். “அது அவர்.”

எனக்கு விளங்க ஒரு கணம் பிடித்தது. விளங்கியதும் தாளைக் கீழே வைத்தேன். அவள் அழவில்லை. கையை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பேசினாள். நாளைக்குப் பத்து மணிக்கு ரொறொன்ரோ முழுக்கத் தன்னை விதவை என்று அறியும், மகள் ரீவிக்கு முன்னால்தான் இருப்பாள், அவளுக்கு எட்டு வயது, வாசிக்கத் தெரியும் என்றாள். எவரும் ஒரு சடலத்தைக் கண்டதில்லை, ஒரு துண்டுக் கடிதம் வந்ததில்லை, அப்படியிருக்க எப்படி எழுதினார்கள் என்று கேட்டாள்.

பீலிக்ஸ் அண்ணை வீங்கிய கன்னத்தோடு தாளை எடுத்துப் பார்த்தார். “இதுக்கு ஆர் ஓம் சொன்னது?” என்றார்.

“ஒருத்தரும் சொல்லேல்லை அண்ணை. நான்தான் கோடு போட்டனான்.”

“சுகந்தி,” என்றார். அவ்வளவுதான். குரல் கிட்டத்தட்டக் கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கழுத்து ரையின் நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு வசந்தியைப் பார்த்து, பெயரை எடுத்துவிடுவோமா என்று கேட்டார். எடுத்தால் அவர் மாமிக்குப் பிள்ளையே இல்லை என்றாகிவிடும் என்றாள் அவள். அப்படியென்றால் மற்றவர்களைப் போல ஒரு இடம் போடவேண்டுமே, என்ன இடம் போடுவது? வசந்தி யோசிக்கவே இல்லை. டோர்செட் பார்க் என்றாள், அவளும் மகளும் குடியிருந்த இடம்.

நான் அப்போதாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அது உண்மையில்லையே என்றேன். முதல்நாள் பதினொரு கள்ளக் கோடு போட்டவளுக்கு வந்த உண்மைப் பற்றைப் பாருங்கள்.

“வீடு அவரின்ர பேரிலையும்தான் எடுத்தனான் அக்கா. கீழ பஸ்ஸர் போர்டில அவரின்ர பேர்தான் கிடக்கு,” என்றாள். “அவர் வாற இடம் அதுதானே.”

பீலிக்ஸ் அண்ணை மணிக்கூட்டைப் பார்த்தார். பதினொன்றரை. கோட்டை மாட்டினார். போய்ப் பார்ப்போம் என்றார். நாலு மணிக்கு நாடா போகவேண்டும், இந்தப் பனியில் எங்கே போவது என்று நான் கேட்கவில்லை. வசந்தியைக் கலையகத்தில் விட்டுவிட்டு அவருடைய பழைய வான் வண்டியில் கென்னடி வீதியால் ஊர்ந்து போனோம். அடுக்குமாடியின் முன்வாசலில், இரண்டு கதவுகளுக்கு நடுவில் அந்த அழைப்புமணிப் பலகை. சீனப் பெயர், குஜராத்திப் பெயர், எங்கட பெயர்கள். பீலிக்ஸ் அண்ணை விரலை வைத்து ஒவ்வொன்றாக இறங்கி வந்தார். கே. யோகநாதன். பெயர் இருந்தது. எனக்கு அது போதும். அவருக்குப் போதவில்லை. எண்ணை அழுத்தினார்.

ஒரு பெண்பிள்ளையின் குரல் ஆங்கிலத்தில் யாரென்று கேட்டது.

“யோகநாதன் வீடோ பிள்ளை?”

“ஓம்,” என்றது குரல். “அப்பா இன்னும் வரேல்லை.”

வேலைக்குப் போன தகப்பனைப் பற்றிச் சொல்வதுபோல் சாதாரணமாகத்தான் சொன்னாள். பின்னால் அயல்வீட்டு அன்ரி யாரென்று கேட்பது கேட்டது. பீலிக்ஸ் அண்ணை, சரி பிள்ளை, பிறகு வாறம் என்று சொல்லிவிட்டு, பலகையில் வைத்த கையை எடுக்காமல் நின்றார். நான் அழுதுவிட்டேன். மறைக்க ஒன்றும் இல்லை, நன்றாகவே அழுதேன்.

திரும்பும்போது சிவப்பு விளக்கில் நின்ற இடத்தில்தான் வாயைத் திறந்தார். “ஒரு வண்டி அங்காலை வெளிக்கிட்டிட்டுது எண்டு தகவல் வந்தால், அது வந்து சேருமட்டும் பாதை அதுக்குத்தான். எவ்வளவு பிந்தினாலும் அதுக்குத்தான். காணேல்லை எண்டு போட்டுப் புத்தகத்தில வெட்டிவிட ஸ்டேசன் மாஸ்டருக்கு அதிகாரம் இல்லை, பிள்ளை.” பிள்ளை என்றது காதில் விழுந்ததும் எனக்கு மூச்சு வந்தது. ஆனால் ஒழுங்கு ஒழுங்குதான், அறிவித்தல் தந்த ஆள் ஓம் சொல்லவேண்டும், அதுவும் இந்தமுறை நீங்கள்தான் எடுக்கவேண்டும் என்றார்.

சிவநேசன் இந்தமுறை உடனே எடுத்தார். முதலில் நான் செய்ததைச் சொன்னேன். பிறகு வசந்தி கேட்பதையும், நாங்கள் அவள் வீட்டு வாசல்வரை போய்வந்ததையும் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது. மூன்று வருடம் தேடாத இடமில்லை, எழுதாத கடிதமில்லை, வசந்தி கனவு காண்கிறாள், அந்தப் பிள்ளையையும் காணவைக்கிறாள் என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. கொஞ்ச நேரத்தில் அவருடைய குரல் உடைந்தது.

“அம்மா ஒவ்வொரு நாளும் அவனைக் கேட்டுக் கேட்டுத்தான் செத்தவ. இனி ஆரும் கேக்கவேண்டாம் எண்டுதான் நான் அப்பிடி எழுதினன்.”

நான் வாசிக்கிறேன் அண்ணை, நீங்கள் ஓம் என்றால் ஓம், இல்லையென்றால் இல்லை என்றேன். முதலாவதாக அவருடைய பெயரையே வாசித்தேன். ஓம். மகேஸ்வரி, லண்டன். ஓம். யோகநாதன், டோர்செட் பார்க். ஓம் வரவில்லை. பின்னால் யாரோ தேவாரம் போட்டிருந்தார்கள். நான் அவசரப்படவில்லை. வாழ்க்கையில் முதல்தடவையாகப் பேசாமல் இருந்தேன். வசந்தி என்னைப் பார்க்காமல் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்கள் போனபோது பிள்ளை என்ன சொன்னவள்?” என்று கடைசியில் கேட்டார்.

“அப்பா இன்னும் வரேல்லை எண்டு சொன்னவள்.”

“ஓம்,” என்றார். “ஓம். அப்பிடியே வாசியுங்கோ.”

கோடு போட்டேன். மிச்சப் பெயர்களையும் ஒவ்வொன்றாக வாசித்து முடித்தேன். அன்றைக்குக் கமெராவைப் பார்த்தபோது எனக்கு அந்த பஸ்ஸர் பலகைதான் தெரிந்தது. மூன்றரைக்கு நாடா நிலையத்தில் இருந்தது.

ஞாயிறு மதியம் வசந்தியிடமிருந்து தொலைபேசி வந்தது. மூச்சுவிடாமல் பேசினாள். அறிவித்தலின் முடிவில் கொடுத்த சிவநேசனின் எண்ணுக்கு ஒஷாவாவிலிருந்து ஒருவர் எடுத்திருக்கிறார். யோகா வந்துவிட்டானா, எப்போது வந்தவன், போனை அவனிடம் கொடுங்கள் என்று சந்தோசமாகக் கேட்டிருக்கிறார். இலங்கையின் தெற்கில் ஒரு சிறையில் இருவரும் ஒரே அறையில் இருந்தவர்களாம். இவர் முந்தின வருடம் விடுபட்டு இங்கே வந்தவர், யோகநாதனின் ஆட்களை எங்கே தேடுவதென்று தெரியாதிருந்தவர். யோகநாதனின் பெயரைத் தகப்பன் பெயரால் கந்தையா என்று பதிந்திருந்தார்களாம். வீட்டார் எழுதிய கடிதத்துக்கெல்லாம் அப்படி ஒருவர் இல்லை என்று பதில் வந்ததன் காரணம் அதுதான். காலஞ்சென்ற என்று வாசித்திருந்தால் என்ன நினைத்திருப்பீர்கள் என்று அவரைப் பின்னொருநாள் கேட்டேன். உள்ளேயே முடிந்துவிட்டது போல, பாவம் என்று ரீவியை நிற்பாட்டியிருப்பேன் என்றார்.

எல்லாம் உடனே நடந்துவிடவில்லை. சட்டத்தரணி, கடிதம், மனு என்று இரண்டு வருடத்துக்கு மேல் இழுத்தது. எல்லாவற்றுக்கும் முன்னால் நின்று ஓடியவர் சிவநேசன்தான். எனக்கும் தண்டனை கிடைத்தது. நாலு கிழமை நான் வாசிக்கக்கூடாது, தொலைபேசி மட்டும் எடுக்கவேண்டும் என்றார் பீலிக்ஸ் அண்ணை. முதற்கிழமை பொருமிக்கொண்டே எடுத்தேன். இரண்டாம் கிழமை ஒரு தகப்பன் தன் பட்டியலில் இல்லாத மகளின் பெயரைத் தானாகச் சொன்னார். விரும்பியவனைக் கட்டிக்கொண்டு போனவளாம், அவளையும் போடுங்கள் என்றார். எழுதும்போது வராத பெயர் வாயால் சொல்லும்போது வந்துவிடுகிறது. நாலு கிழமை முடிந்தபின்னும் நான் சிவப்புப் பென்சிலைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஓய்வு பெறும்வரை அது என்னிடம்தான் இருந்தது.

கவின், உன்னுடைய கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். இன்னும் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன்.

அந்த அம்மாவின் மூன்றாம் ஆண்டு நினைவஞ்சலி வந்தது. சனிக்கிழமை காலை, தோளுக்குப் பெரிதான ஒரு குளிர்கோட்டோடு ஒரு மனுசன் பேஸ்மென்ற் படியால் மெதுவாக இறங்கி வந்து தாளை நீட்டினார். எழுதியவரே எதிரில் நிற்கிறார், இனி யாருக்கு வாசித்துக் காட்டுவது? பீலிக்ஸ் அண்ணை அவருக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் பென்சிலை எடுத்துக்கொண்டு வாசித்தேன்.

சிவநேசன், பிக்கரிங். ஓம் என்றார். மகேஸ்வரி, லண்டன். ஓம் என்றார்.

“யோகநாதன், டோர்செட் பார்க்.”

பின்னால் வசந்தி தட்டுவதை நிறுத்திவிட்டாள். அவர் ஒருமுறை அவளைத் திரும்பிப் பார்த்தார்.

“ஓம்,” என்றார்.

நான் கோடு போட்டேன்.